வரைபட நிரலாக்கத்தில் புற நூலகங்களும் எதிரழைப்பும்: பேச்சொலிப் பதிவை முன்வைத்து

1. முன்னுரை

பேச்சொலிகளைப் பதிந்து அளக்கும் மொழியியலார் இன்று பெரும்பாலும் ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள்களைக் கொண்டே பணியாற்றுகின்றனர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் போர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகியோர் உருவாக்கிய பிராட் இவற்றுள் பலரும் அறிந்ததாகும். ஒலியலையைக் காணவும், நிறமாலையை வரையவும், சுருதியை அளக்கவும் அது போதுமானது. ஆனால் மூக்குவழிக் காற்றோட்டத்தை அளக்கும் கருவி, குரல்மடல்களின் தொடுகையை மின்முனைகளால் அறியும் கருவி, நாவின் தொடுகையைக் காட்டும் செயற்கை அண்ணம் ஆகியவற்றை ஒலிவாங்கியோடு ஒரே காலக்கோட்டில் இணைத்துப் பதிய வேண்டிய நிலை வரும்போது ஆயத்த மென்பொருள்கள் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. அந்நிலையில் ஆய்வாளர் தாமே நிரல் அமைக்க வேண்டியவராகிறார். நிரல் மொழிகளில் பயிற்சி இல்லாதவர்க்கு வரைபட நிரலாக்கச் சூழல்கள் ஒரு வாயிலாக அமைகின்றன.

இச்சூழல்களில் தொடக்கநிலைப் பணிகள் எளியவை. கருவியைச் செய்தவர் தரும் புற நூலகத்தை இணைக்கத் தொடங்கும் இடத்தில்தான் இடர்ப்பாடு நேர்கிறது. அந்நூலகம் ‘கால்பேக்’ எனப்படும் முறையில் இயங்குவதாயின் இடர்ப்பாடு இருமடங்காகிறது. அம்முறை யாது, வரைபடச் சூழலில் அது ஏன் எளிதிற் பொருந்துவதில்லை, பொருத்தும் வழி யாது என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இவற்றைத் தமிழில் எழுதப் புகும் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சில சொற்சிக்கல்களும் உடன் ஆராயப்படுகின்றன. எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்ட சூழல் லேப்வியூ. நூலகம் போர்ட் ஆடியோ.

2. படமே நிரல்

லேப்வியூ 1986இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்த நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தால் முதலில் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கென வெளியிடப்பட்டது. 2023இல் அந்நிறுவனம் எமர்சன் குழுமத்தின் உடைமையாயிற்று. வணிக நோக்கமற்ற தனிப்பயனுக்கு விலையில்லாப் பதிப்பொன்று 2020 முதல் கிடைத்துவருகிறது. இச்சூழலில் எழுதப்படும் நிரல் ஒவ்வொன்றும் இரு முகங்கள் உடையது. ஒன்று, குமிழ்களும் அளவிகளும் வரைகோட்டுத் திரைகளும் கொண்ட முகப்புப் பலகை. மற்றொன்று, அதன் பின்னிருந்து இயக்கும் கட்டப்படம். கட்டப்படத்தில் கூட்டல், பெருக்கல், கோப்பில் எழுதுதல் முதலிய செயல்கள் ஒவ்வொன்றும் ஒரு கணுவாக நிற்கும். ஒரு கணுவின் விளைவு கம்பி வழியே அடுத்த கணுவுக்குச் செல்லும்.

சி போன்ற எழுத்துவழி நிரல் மொழிகளில் எது முன், எது பின் என்பதை வரிகளின் வரிசை முடிவு செய்கிறது. கட்டப்படத்திலோ கணு எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பது பொருட்டன்று. எந்தக் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்பதே பொருட்டு. ஒரு கணுவுக்குத் தேவையான உள்ளீடுகள் அனைத்தும் வந்து சேர்ந்தபின்னரே அது இயங்கும். தமிழ்த் தொடரமைப்பை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ‘தச்சன் மரத்தை உளியால் செதுக்கினான்’ என்னும் தொடரில் பெயர்களை இடம் மாற்றினாலும் வேற்றுமை உருபுகள் உறவைக் காப்பாற்றுகின்றன. வினைமுற்றோ தனக்குரிய பெயர்கள் யாவும் வந்து சேரும்வரை காத்திருந்து இறுதியில் நிற்கிறது. கம்பியை உருபாகவும் கணுவை வினையாகவும் கொண்டால் கட்டப்படத்தின் இலக்கணத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும். இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் கூடாது. ஒன்றோடொன்று கம்பித் தொடர்பில்லாத இரு கணுக்கள் ஒரே நேரத்தில் இயங்கலாம். மொழித்தொடரில் அதற்கு நிகரானது இல்லை.

இங்குக் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்று. இப்படத்தில் ‘அழைத்தல்’ என்னும் செயல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தரவு பாய்கிறது, அது வந்து சேர்ந்த இடத்தில் செயல் நிகழ்கிறது. யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதாகத் தோன்றுவதில்லை.

3. புற நூலகத்தை அழைத்தல்

கணிப்பொறியியலில் நூலகம் என்பது படித்தற்குரிய நூல்களின் தொகுதியன்று. ஆயத்தமாக எழுதி, இயந்திர மொழிக்குப் பெயர்த்து வைக்கப்பட்ட செயற்கூறுகளின் தொகுதி. விண்டோஸ் இயங்குதளத்தில் இது டி.எல்.எல். என்னும் பின்னொட்டுடைய கோப்பாக இருக்கும். அக்கோப்பினுள் இருப்பவற்றைப் பார்த்து இச்செயற்கூறு எத்தனை உள்ளீடுகளைக் கேட்கிறது, அவை எவ்வகையின எனக் கண்டுகொள்ள இயலாது. அச்செய்தி தனியே தலைப்புக் கோப்பு எனப்படும் எழுத்துக் கோப்பில் தரப்பட்டிருக்கும். சொல் ஒரு கோப்பிலும் அதன் இலக்கணம் மற்றொரு கோப்பிலும் இருப்பது போன்ற நிலை இது. இலக்கணத்தைத் தவறாகப் படித்தாலும் சொல் ஒலிக்கத்தான் செய்யும், பொருள்தான் கெடும்.

லேப்வியூவில் இதற்கெனக் ‘கால் லைப்ரரி ஃபங்ஷன் நோடு’ என்னும் கணு உள்ளது. நூலக அழைப்புக் கணு எனத் தமிழில் கூறலாம். இக்கணுவில் நூலகத்தின் இடம், செயற்கூற்றின் பெயர், ஒவ்வோர் உள்ளீட்டின் வகை, அது நேரே மதிப்பாகச் செல்கிறதா அன்றி நினைவகத்தில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டாகச் செல்கிறதா என்பவற்றைப் பயனர் நிரப்புதல் வேண்டும். நிரப்பியது தலைப்புக் கோப்போடு முரண்பட்டால் லேப்வியூ அதை முன்கூட்டி அறிந்து தடுப்பதில்லை. சில வேளை தவறான எண் வரும். சில வேளை சூழல் முழுவதும் நின்றுவிடும். சில வேளை ஒன்றும் நேராதது போலத் தோன்றிப் பல நிமிடங்கள் கழித்து வேறெங்கோ கோளாறு வெளிப்படும். இம்மூன்றனுள் இறுதியானதே கொடியது.

அழைப்பு மரபு என்றொன்றும் கேட்கப்படும். அழைப்பவர் தாம் தரும் உள்ளீடுகளை அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதியில் வைத்துவிட்டு அழைக்கிறார். பணி முடிந்தபின் அவ்வடுக்கை ஒழித்துவைப்பது அழைத்தவர் கடனா, அழைக்கப்பட்டவர் கடனா என்பதே வினா. 32 பிட் விண்டோஸில் இருவகை மரபுகளும் வழக்கில் உள்ளன. 64 பிட் விண்டோஸில் மரபு ஒன்றாகிவிட்டதால் இச்சிக்கல் மறைந்தது. ஆனால் அங்குச் சுட்டின் நீளம் 4 பைட்டிலிருந்து 8 பைட்டாகியது. பழைய கட்டப்படங்களில் சுட்டை 4 பைட் எண்ணாக வாங்கிவைத்தவை புதிய கணிப்பொறியில் பாதி முகவரியை மட்டுமே ஏந்தி நிற்கும். இதன்பொருட்டே சுட்டின் அளவுக்கு ஒத்த எண் என ஒரு வகையை அக்கணு தருகிறது.

3.1 எழுத்துச் சரங்கள்

மொழியியலார் தனியே கருத வேண்டியது எழுத்துச் சரங்களைப் பற்றியதாகும். சி மொழியில் சரம் எங்கே முடிகிறது என்பதைச் சுழி மதிப்புடைய ஒரு பைட் காட்டும். லேப்வியூவின் சரம் அவ்வாறன்று. முதல் 4 பைட்டுகளில் நீளம், பின்னர் அந்நீளத்துக்கு உரிய பைட்டுகள். இடையில் சுழி வந்தாலும் அதற்குக் கேடில்லை. நூலக அழைப்புக் கணுவில் ‘சி வகைச் சரம்’ எனக் குறித்தால் லேப்வியூ இறுதியில் சுழி சேர்த்து அனுப்பும். திரும்பி வருவதைச் சுழி வரையில் மட்டும் படித்துக்கொள்ளும். விடையை எழுதுவதற்குப் போதிய இடத்தை முன்னரே ஒதுக்குவதும் பயனர் கடன். இடம் போதாவிடில் நூலகம் அடுத்தவர் மனையில் எழுதிவிடும்.

தமிழ்ச் சரங்களில் இது எவ்வாறு விளையாடுகிறது என்பதைக் காண்போம். ‘தமிழ்’ என்னும் சொல் நம் கணக்கில் மூன்று எழுத்து. ஒருங்குறியில் த, ம, இகர உயிர்க்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியிடங்கள். யு.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகப் பதினைந்து பைட். நூலகம் கேட்கும் நீளம் எழுத்தா, குறியிடமா, பைட்டா என்பதைத் தலைப்புக் கோப்பின் விளக்கவுரையைப் படித்தே அறிதல் வேண்டும்.

யு.டி.எஃப்-16 வடிவில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. தமிழ்க் குறியிடங்கள் பதினாறன்மான முறையில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை உள்ளவை. எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய இரு பைட்டுகளில் ஒன்று 0பி ஆகவும், மற்றொன்று 80 அல்லது அதற்கு மேற்பட்டதாகவும் இருக்கும். சுழி ஒருபோதும் வாராது. ஆனால் சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தின் குறியிடம் 0020. அதில் ஒரு பைட் சுழி. ஆகவே சுழியை இறுதியாகக் கொள்ளும் நூலகத்திற்கு ஒரு தனிச்சொல்லைக் கொடுத்துச் சோதித்தால் முழுச்சொல்லும் குறையின்றிச் சென்று திரும்பும். தொடரைக் கொடுத்தால் முதற்சொல்லோடு நின்றுவிடும். ஆங்கிலச் சொல்லைக் கொடுத்துச் சோதிப்பவர் முதலெழுத்திலேயே தவற்றைக் கண்டுகொள்வர், ஏனெனில் அங்கு ஒவ்வோர் எழுத்திலும் ஒரு சுழி உண்டு. தமிழ்ச் சொற்பட்டியலைக் கொண்டு சோதிப்பவர்க்கோ எல்லாம் செம்மையாக இருப்பதாகத் தோன்றும். சொற்பட்டியல் முடிந்து தொடர்களைத் தொகுக்கத் தொடங்கும்போதுதான் குறை தெரியவரும். 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் போன்ற ஒரு பைட் குறியேற்றங்களில் இச்சிக்கல் எழவில்லை. அக்காலத்து நிரல்களை இன்று எடுத்தாள்வோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

4. எதிரழைப்பு

இதுவரை கண்டது ஒருவழி அழைப்பு. நாம் அழைக்கிறோம், நூலகம் பணி செய்து விடை தருகிறது. கணக்கீட்டுக்கு இது போதும். ஒலிப்பதிவுக்குப் போதாது. ஒலிவாங்கியிலிருந்து தரவு தன் போக்கில் வந்துகொண்டே இருக்கிறது. ‘வந்துவிட்டதா, வந்துவிட்டதா’ என நூலகத்தை ஓயாது கேட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. கேட்கத் தாமதித்தால் வந்தது போய்விடும். ஆகவே வேறொரு முறை கையாளப்படுகிறது. நம்முடைய செயற்கூறு ஒன்றன் முகவரியை முதலிலேயே நூலகத்திடம் கொடுத்துவைக்கிறோம். தரவு சேரும் ஒவ்வொரு முறையும் நூலகம் அந்த முகவரியில் உள்ள நம் செயற்கூற்றை அழைக்கிறது. இதுவே கால்பேக்.

வினைமுதல் யார் என்பது இங்கே தலைகீழாகிறது. நம் இலக்கண உரைகள் கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா எனப் பிரிக்கும். ‘அரசன் கோயில் கட்டினான்’ என்பதில் அரசன் ஏவுதற் கருத்தா. ‘கொத்தன் கோயில் கட்டினான்’ என்பதில் கொத்தன் இயற்றுதற் கருத்தா. இயல்பான அழைப்பில் நம் நிரல் ஏவுகிறது, நூலகம் இயற்றுகிறது. கால்பேக்கில் நூலகம் ஏவுகிறது, நம் நிரல் இயற்றுகிறது. இப்பங்கு மாற்றத்தை உணராமல் எழுதப்படும் விளக்கங்களே வாசகரைக் குழப்புகின்றன. ஆங்கிலக் கையேடுகள் செயப்பாட்டுவினையில் எழுதும் வழக்கமுடையவை. அதனை அப்படியே ‘அழைக்கப்படும்போது’, ‘அனுப்பப்பட்ட தரவு’ எனப் பெயர்த்தால் யாரால் என்பது மறைந்துவிடும். இவ்விடங்களில் வினைமுதலை வெளிப்படுத்திச் செய்வினையில் எழுதுவதே தக்கது.

கால்பேக் என்பதற்குத் தமிழில் திருப்பியழைப்பு, மீளழைப்பு, பின்னழைப்பு என்றெல்லாம் எழுத இடமுண்டு. திருப்பியழைப்பு தொலைபேசி வழக்கை நினைவூட்டுவது. அங்கே ஒருவர் ஒருமுறை அழைக்க மற்றவர் ஒருமுறை திரும்ப அழைக்கிறார். இங்கோ நாம் ஒருமுறை முகவரி தர, நூலகம் நொடிக்குப் பலமுறை அழைக்கிறது. மீளழைப்பு, ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் வேறொரு கருத்தோடு மயங்கும். பின்னழைப்பு காலத்தைக் காட்டுகிறது, திசையைக் காட்டவில்லை. எதிரொலி, எதிர்மொழி என்பவற்றில் போல ‘எதிர்’ என்னும் அடை திசைமாற்றத்தைக் காட்டும்; எதிர்காலம் என்பதில் போல இனி வருவதையும் காட்டும். ஆதலின் எதிரழைப்பு என்னும் வடிவை இக்கட்டுரை மேற்கொள்கிறது. பகைமைப் பொருள் தோன்றுமே என்பார்க்கு எதிரொலியில் யாரும் பகை காண்பதில்லை என்பதே விடை.

போர்ட் ஆடியோ என்பது ராஸ் பென்சினா, ஃபில் பர்க் ஆகியோர் தொடங்கிய, மூலநிரல் திறந்த ஒலி நூலகம். விண்டோஸ், மெக்கின்டாஷ், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஒரே வகையாக ஒலியை வாங்கவும் வெளியிடவும் உதவுகிறது. பிராட், அடாசிட்டி ஆகியவை உள்ளே இதனையே பயன்படுத்துகின்றன. ஒலியோடையைத் திறக்கும்போது நம் செயற்கூற்றின் முகவரியை அதனிடம் கொடுத்தால், ஒவ்வோர் எதிரழைப்பிலும் அது உள்வரு தரவின் சுட்டு, வெளியிடு தரவின் சுட்டு, கூறுகளின் எண்ணிக்கை, காலச் செய்தி, நிலைக்குறிகள் ஆகியவற்றோடு, தொடக்கத்தில் நாம் கொடுத்த ஒரு சுட்டையும் திருப்பித் தரும். ‘தொடர்க’, ‘முடிக்க’, ‘உடனே நிறுத்துக’ என்பவற்றுள் ஒன்றை நம் செயற்கூறு விடையாகத் தருதல் வேண்டும்.

சுட்டு என்னும் கலைச்சொல் இங்கே மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ‘இது’ என்பதன் பொருள், சொல்லப்படும் சூழல் கலைந்தால் மறைந்துவிடும். நினைவகச் சுட்டும் அத்தகையதே. நூலகம் தரும் தரவுச் சுட்டு அந்த எதிரழைப்பு முடியும்வரைதான் செல்லும். மறுபுறம், லேப்வியூ நூலக அழைப்புக் கணு வழியாக அனுப்பும் அணியின் சுட்டும் அக்கணு பணி முடிக்கும்வரைதான் செல்லும். அதன்பின் லேப்வியூ அந்த இடத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம். இந்தச் சுட்டை நூலகத்தில் சேமித்து வைத்துப் பிறகு எதிரழைப்பின்போது எழுதலாம் எனக் கருதுவது, நேற்றுப் பேசியவர் விரல் நீட்டிக் காட்டிய ‘அதோ’வை இன்று தேடுவதை ஒக்கும்.

5. படத்தில் எதிரழைப்புக்கு இடம் எங்கே?

லேப்வியூவின் கட்டப்படத்திற்குச் சி மொழிச் செயற்கூற்றைப் போன்ற முகவரி இல்லை. ஆகவே நூலக அழைப்புக் கணுவில் ‘இதோ என் செயற்கூறு’ எனக் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. மேலே கூறியவாறு, தரவு பாயும் படத்தில் வெளியிலிருந்து ஒருவர் இடையே புகுந்து அழைப்பதற்கு வாயில் அமைக்கப்படவில்லை. இது குறைபாடு என்பதினும், அவ்விலக்கணத்தின் இயல்பு என்பதே பொருந்தும்.

வழி, இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துவதுதான். சி மொழியில் சிறியதொரு இடைநூலகம் எழுதப்படுகிறது. எதிரழைப்பை ஏற்கும் செயற்கூறு அதனுள்ளே இருக்கும். லேப்வியூ அந்த இடைநூலகத்தை அழைத்து, பயனர் நிகழ்வு ஒன்றன் குறிப்பெண்ணை ஒப்படைக்கும். தரவு வந்ததும் இடைநூலகம் லேப்வியூ தரும் ‘போஸ்ட் எல்.வி. யூசர் ஈவென்ட்’ என்னும் செயற்கூற்றைக் கொண்டு அத்தரவை நிகழ்வாக அனுப்பும். கட்டப்படத்தில் நிகழ்வுக்கெனக் காத்திருக்கும் கட்டமைப்பு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். நிகழ்வு வந்து சேர்ந்ததும் அது விழித்துத் தரவைக் கம்பியில் விடும். அழைப்பாக வந்தது பாய்வாக மாறிவிடுகிறது. இரு இலக்கணங்களையும் அறிந்த இடையாள் இன்றி இது நிகழாது. அனுப்பப்படும் தரவின் வகையும் கட்டப்படத்தில் அறிவித்த நிகழ்வின் வகையும் பைட் அளவில் ஒத்திருத்தல் கட்டாயம். இங்கும் லேப்வியூ சரிபார்ப்பதில்லை. அனுப்பும்போது தரவு படியெடுக்கப்படுவதால், இடைநூலகம் தன்னிடமுள்ள மூலப்படியைத் தானே விடுவித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த செய்தி இழைகள் பற்றியது. எதிரழைப்பு நம் நிரலின் இழையில் நிகழ்வதன்று. ஒலியட்டையின் இயக்கியோ நூலகமோ தன் இழையில் நின்றுகொண்டு நம் செயற்கூற்றை இயக்குகிறது. அது விரைந்து திரும்பாவிடில் அடுத்த பகுதித் தரவு வந்து மோதும். போர்ட் ஆடியோவின் கையேடு எதிரழைப்பினுள் நினைவகம் ஒதுக்குதல், கோப்பில் எழுதுதல், திரையில் அச்சிடுதல் போன்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என முன்னறிய இயலாத செயல்களைத் தவிர்க்கச் சொல்கிறது. லேப்வியூவுக்கு நிகழ்வு அனுப்புவதும் தரவைப் படியெடுப்பதை உள்ளடக்கியதாதலின் அவ்வகையதே. ஆகவே எதிரழைப்பினுள் தரவை வட்டத் தாங்கல் ஒன்றில் போட்டுவிட்டுத் திரும்புவதும், இடைநூலகத்தின் மற்றோர் இழை அத்தாங்கலிலிருந்து எடுத்து நிகழ்வாக அனுப்புவதும் நல்ல அமைப்பு. பல மாதிரி நிரல்கள் இவ்விரண்டாம் இழையின்றி நேரே அனுப்பிவிடுகின்றன. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் படிக்கும் கருவிக்கு அது போதும். பேச்சொலிக்கு ஒவ்வாது.

நூலக அழைப்புக் கணுவிலும் இழை பற்றிய தெரிவு ஒன்று உண்டு: பயனர் இடைமுக இழையிலா, எந்த இழையிலுமா என்பது. முன்னதைத் தெரிந்தால் கணு ஆரஞ்சு நிறத்தில் தோன்றும். பின்னதாயின் வெளிர் மஞ்சள். நீண்ட நேரம் காத்திருக்கும் செயற்கூற்றை ஆரஞ்சு நிறத்தில் விட்டால் முகப்புப் பலகை உறைந்துபோகும். நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் பயனிராது.

6. இழப்பது எது?

இந்நுட்பங்களை நிரலாளர்க்கு விட்டுவிடலாமே எனத் தோன்றலாம். இழக்கப்படுவது மொழித்தரவு என்பதால் அவ்வாறு விடுவதற்கில்லை. நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம் பதியும்போது 1,024 மாதிரிகள் கொண்ட ஒரு பகுதி ஏறத்தாழ 23 மில்லிநொடி நீளமுடையது. இத்தகைய ஒரு பகுதி தவறிப்போனால் எஞ்சிய இரு பக்கங்களும் ஒட்டிக்கொள்ளும். காதுக்குச் சிறியதொரு சொடுக்கு கேட்கலாம், கேளாமலும் போகலாம். வருடொலி ஒன்றின் அடைப்பு நேரம் பொதுவாக 20 முதல் 30 மில்லிநொடி. தடையொலி வெடிப்புக்கும் குரல் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நேரம், மூச்சொலி சேராத ஒலிப்பிலா ஒலிகளில், பெரும்பாலும் இவ்வளவினுள் அடங்கும். அளக்கப்படும் பொருளின் முழு நீளமும் ஒரு பகுதித் தரவுக்குள் மறைந்துவிடக்கூடும்.

நீலகிரியில் பேசப்படும் தோடா மொழி இதற்கு நல்ல சான்று. அம்மொழியின் ஆடொலிகள் பல்லிடம் சார்ந்த முன்னிலை, நுனியண்ணம், வளைநா என இடத்தால் வேறுபடுபவை. சினிஷா ஸ்பாயிச், பீட்டர் லாடிஃபோகெட், பெ. பாஸ்கரராவ் ஆகியோர் இவற்றை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரை ஒலியியலார் நன்கறிந்தது. நுனிநா ஆடொலியில் நா நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முறை ஆடும். அதாவது ஓர் ஆட்டம் 33 முதல் 40 மில்லிநொடி. அடுத்தடுத்த இரு பகுதிகள் தவறினால் 46 மில்லிநொடி போய்விடும். ஓர் ஆட்டம் முழுவதும் காணாமற்போகும். மூன்று தொடுகை உடையதாக ஒலிக்கப்பட்டது பதிவில் இரண்டாகத் தோன்றும். ஆய்வாளர் அதனைப் பேச்சாளரின் ஒலிப்பு வேறுபாடு எனக் குறித்துக்கொள்வார். பேசுவோர் சில ஆயிரவராகவும் இல்லாத ஒரு மொழியில், முதியவர் ஒருவரின் பதிவை மீண்டும் எடுக்கும் வாய்ப்பு எப்போதும் கிட்டுவதில்லை.

நல்லவேளையாக, போர்ட் ஆடியோ இவ்விழப்பை மறைப்பதில்லை. உள்வரு தரவு தவறியதாயின் நிலைக்குறிகளில் ஒன்றை உயர்த்திக் காட்டுகிறது. ஆனால் பல இடைநூலகங்கள் அக்குறியைப் பாராமலே விட்டுவிடுகின்றன. தரவை மட்டும் லேப்வியூவுக்குக் கடத்துகின்றன. ஒலியியல் பணிக்கென எழுதப்படும் இடைநூலகம் ஒவ்வொரு பகுதியோடும் அதன் வரிசை எண்ணையும் நிலைக்குறியையும் சேர்த்தே அனுப்புதல் வேண்டும். வட்டத் தாங்கல் நிரம்பி வழிந்தாலும் வரிசை எண்ணில் இடைவெளி தெரியும். இவற்றை ஒலிக்கோப்பின் அருகே தனிக்கோப்பாக எழுதிவைத்தால், எந்த நொடியில் எவ்வளவு தவறியது என்பது ஆய்வாளர்க்கு நிலையாகக் கிடைக்கும். அந்த இடத்து அளவீடுகளை விலக்கிவிடலாம். நிரலெழுத மற்றொருவரை அமர்த்தும் மொழியியலார் அவரிடம் கேட்டுப் பெற வேண்டியவற்றுள் இதனை முதலில் வைப்பேன்.

7. எதிரழைப்பைத் தவிர்க்கும் வழிகள்

எதிரழைப்பே எங்கும் கட்டாயமன்று. முகவரி தராமல் ஒலியோடையைத் திறந்தால் போர்ட் ஆடியோ மற்றொரு முறையில் இயங்கும். ‘இத்தனை மாதிரி வேண்டும்’ என நாம் அழைக்கிறோம். அவை சேரும்வரை அச்செயற்கூறு காத்திருந்து விடையோடு திரும்புகிறது. இது கட்டப்படத்தின் இலக்கணத்துக்கு முற்றும் இசைந்தது. ஒரு சுழற்சியில் மஞ்சள் நிறக் கணு ஒன்று தரவை வாங்கி வரிசையில் இட, மற்றொரு சுழற்சி எடுத்துக் கோப்பில் எழுதும். தாமதம் சற்று மிகும். பதிவு மட்டுமே நோக்கமாயின் அத்தாமதத்தால் கேடில்லை. பேச்சாளர்க்கு அவர் குரலையே மாற்றி உடனே கேட்கச் செய்யும் ஆய்வுகளில்தான் எதிரழைப்பு இன்றியமையாததாகிறது. நூலகம் இரு முறைகளையும் தருமாயின், பதிவுப் பணிக்கு இந்த இரண்டாம் முறையையே முதலில் முயல்க என்பேன்.

டாட்நெட் வழியாக வரும் நூலகங்களில் நிலை வேறு. அங்கு நிகழ்வு என்பது மொழியின் அமைப்பிலேயே உள்ளது. லேப்வியூ அதற்கெனத் தனிக்கணு ஒன்று தருகிறது. கட்டப்படம் ஒன்றையே எதிரழைப்பை ஏற்பதாக நேரே இணைக்கலாம். இடைநூலகம் தேவைப்படுவதில்லை. கருவி செய்தவர் சி நூலகத்தோடு டாட்நெட் நூலகமும் தந்திருப்பின் பின்னதைத் தெரிவது பணியைக் குறைக்கும்.

8. கையேட்டுத் தமிழ்

நிறைவாக மொழிபெயர்ப்பாளர்க்குரிய ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் எதிரழைப்பின் முகவரியை நூலகத்திடம் கொடுப்பதை ‘ரிஜிஸ்டர்’ என்பர்; ஒலியைப் பதிவதை ‘ரெக்கார்டு’ என்பர். தமிழில் இரண்டும் ‘பதிவு செய்’ ஆகிவிடுகின்றன. ‘எதிரழைப்பைப் பதிவு செய்த பின்னரே பதிவைத் தொடங்குக, பதிவை நிறுத்தாமல் பதிவை நீக்கற்க’ என்பது போன்ற ஒரு தொடரை வாசகர் எவ்வாறு பொருள்கொள்வார்? முதற்பாதி சூழலால் தெளியும். பிற்பாதியில் ஒலிக்கோப்பை அழிப்பது பற்றிய எச்சரிக்கை எனக் கொள்வதே இயல்பு. உண்மையில் அங்குக் கூறப்படுவது நிறுத்தும் வரிசை: முதலில் ஒலியோடையை நிறுத்தி இறுதி எதிரழைப்பும் முடிந்ததை உறுதி செய்துகொள்ள வேண்டும், அதன்பின் நூலகத்திடம் கொடுத்த முகவரியைத் திரும்பப் பெற வேண்டும், அடுத்துப் பயனர் நிகழ்வின் குறிப்பெண்ணை அழிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் பின்னரே இடைநூலகத்தை நினைவகத்திலிருந்து இறக்க வேண்டும். வரிசை மாறினால் நூலகம் இல்லாத செயற்கூற்றை அழைக்கும். சூழல் முறிந்து, அதுவரை கோப்பில் எழுதப்படாத ஒலி முழுவதும் போய்விடும்.

ஒலிக்குப் ‘பதி’, ‘பதிவு’ என்பவற்றை ஒதுக்கிவிட்டு, முகவரி கொடுப்பதற்கு ‘ஒப்படை’ என்னும் வினையை ஆள்வது இம்மயக்கத்தைத் தீர்க்கும். மேற்காட்டிய தொடர் அப்போது ‘செயற்கூற்றின் முகவரியை நூலகத்திடம் ஒப்படைத்த பின்னரே ஒலியைப் பதியத் தொடங்குக, ஒலியோடையை நிறுத்தும் முன் ஒப்படைத்ததைத் திரும்பப் பெறாதீர்’ என அமையும். சொற்கள் சில மிகுகின்றன. யார் எதை யாரிடம் கொடுத்தார் என்பது தெரிகிறது.